அச்சுகளை எண்ணும் கருவி

எருமப்பட்டிக்காரர்கள் ரயிலேற நாமக்கல்லுக்குப் போகவேண்டும். அங்கும் சேலம்–கரூர் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2013இல்தான். நிலையத்தை விட்டுப் புறப்பட்ட ரயில் முழுதாக அடுத்த நிலையம் சேர்ந்ததா? கடைசிப் பெட்டி கழன்று நடுவழியில் நின்றுவிட்டால், பின்னால் வரும் ரயிலின் கதி என்ன?

இதற்கு 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் ஒரு வழி கண்டார். இரு தண்டவாளங்களிலும் சிறு மின்னோட்டம் செலுத்தினால், ரயிலின் சக்கரங்களும் அச்சும் அவற்றை இணைத்துவிடும், ரிலே விழும், சிவப்பு எரியும். கம்பி அறுந்தாலும் சிவப்புத்தான். அருமையான ஏற்பாடு! ஆனால் நெடுந்தொலைவுக்கு மழைநீரும் துருவும் இதைக் கெடுக்கின்றன.

ஆகவே வந்தது அச்செண்ணி. தண்டவாளத்தின் ஒரு புறம் ஒரு கம்பிச்சுருள். அதில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டம். மறுபுறச் சுருளில் அதனால் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. சக்கரம் குறுக்கிட்டால் அந்த அழுத்தம் சரிந்து, பிறகு மீள்கிறது. படிப்படியாகத் தாவாமல் வழுக்கிச் செல்லும் இத்தகைய குறியே அனலாக். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் மின்னணுச் சுற்று அதை ஒரு துடிப்பாக வெட்டிக் கொடுக்கிறது. சக்கரம் விரைந்தாலும் ஊர்ந்தாலும் துடிப்பு ஒன்றே. இதுவே டிஜிட்டல். அருகருகே இரண்டு ஜோடிச் சுருள்கள் இருப்பதால், எது முதலில் துடித்தது என்பதைக் கொண்டு திசையும் தெரியும்.

ஆறு அச்சு எஞ்சின், நான்கு அச்சுப் பெட்டிகள் இருபது, மொத்தம் 86. மறுமுனையிலும் 86 வந்தால் பாதை காலி. 82 என்றால் ஒரு பெட்டி உள்ளே நிற்கிறது!

பழைய கருவிகள் அலையையே நிலையம்வரை கேபிளில் அனுப்பின. வழியில் அலை மெலியும், இரைச்சல் சேரும். புதியவை பாதையோரத்திலேயே எண்ணி, எண்ணைச் சரிபார்ப்புக் குறியோடு அனுப்புகின்றன. இரண்டு நுண்செயலிகள் தனித்தனியே கணக்கிடும். விடை ஒவ்வாவிட்டால், பாதையில் ரயில் இருப்பதாகவே கொள்ளப்படும்.

சிக்கல் வேறிடத்தில். பழுதுபார்க்கும்போது இரும்புக் கருவி அருகே வந்து கணக்குப் பிசகினால், காலிப் பாதையும் சிவப்பாகவே நிற்கும். அப்போது மனிதர்தான் கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். அவசரத்தில், உள்ளே பெட்டி நிற்கையிலேயே அப்படிச் செய்துவிட்டால்? அதற்காகவே ஒரு தடை வைத்திருக்கிறார்கள்: பொத்தானை அழுத்திய உடனே பாதை காலியென்று காட்டாது. எச்சரிக்கையோடு ஒரு ரயிலை அனுப்பி, புகுந்த அச்சுகளும் வெளியேறிய அச்சுகளும் சமமான பிறகே காட்டும்.