குழந்தை வருமுன் சொல்லிவிட வேண்டிய முகவரி

குழந்தை பிறக்கப் போகிறது என்றதும் தொட்டில், துணிமணி என்று கடைக்கு ஓடுகிறோம். அதைவிட முக்கியமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது.

ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் பிள்ளை பெற்ற காலத்தில், லயத்துப் பெண்கள் தினமும் எட்டிப் பார்ப்பார்கள். "என்னம்மா, பிள்ளை மஞ்சளாக இருக்கிறதே" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். இன்று தாமான் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு தாயும் சேயும் மட்டும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அரசாங்க சுகாதார கிளினிக் தாதியர் பிரசவத்திற்குப் பின் வீடு தேடி வருகிறார்கள். ஆனால், பெண் தாய்வீட்டுக்குப் போயிருப்பாள். தாதி பழைய முகவரிக்குப் போவார். ஆகவே, எந்த வீட்டில் தங்கப் போகிறீர்கள் என்பதைப் பிரசவத்திற்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்? பிறந்த குழந்தைகளில் பலருக்கு மஞ்சள் காமாலை லேசாக வந்து தானே மறையும். சிலருக்கு அது அதிகமாகி மூளையையும் செவியையும் பாதிக்கும். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலும், வயிறு, கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாநிறக் குழந்தைக்குத் தோலில் எளிதில் தெரியாது. கண்ணின் வெண்பகுதியையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காலை வெயிலில் காட்டுவது சிகிச்சையாகாது. சீனித் தண்ணீரும் வேண்டாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மருத்துவமனையில் நீல ஒளி விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்துகிறார்கள்.

மூத்த பிள்ளையின் பழைய துணியைப் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறீர்களா? ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் வாடையே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சளை ஏற்றிவிடும். அந்தத் துணிகளைத் தவிர்த்துவிடுங்கள். உருண்டைகளையும் வீட்டிலிருந்து அகற்றுங்கள். நம் நாட்டில் தொப்புள்கொடி இரத்தத்தில் இக்குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தந்தையரே, 2023 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் தனியார் துறையில் ஓராண்டு வேலை செய்த திருமணமான ஆண்களுக்கு 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிரசவ நாளுக்கு 30 நாள் முன்பே முதலாளியிடம் தெரிவியுங்கள். மஞ்சள் ஏறக்கூடிய முதல் வாரத்தில் வீட்டில் இன்னொரு ஜோடிக் கண் இருக்கும். அது உங்களுடையதாக இருக்கட்டுமே!