காட்டுத்தீ: இயற்கையும் உடைமையும்

காட்டுத்தீயை முற்றுமுழுதான அழிவுச் சக்தியாக நோக்கும் மரபு, இயற்கையை அவதானித்ததன் விளைவன்று. காட்டை மரத்தின் விலைகொண்டு அளந்த வர்க்கத்தின் பார்வையிலிருந்தே அது பெருமளவிற்குத் தோன்றியது.

கலிபோர்ணியாவின் சியெரா நெவாடா மலைச்சாரலில் வளரும் இராட்சத செக்கோயா மரம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் கூம்புகள் இருபது ஆண்டுகள் வரைகூடத் திறவாது மரத்திலேயே தங்கியிருக்கும். நிலத்தில் எரியும் தீயின் வெப்பம் மேலெழுந்து அவற்றை உலர்த்தும்போது விதைகள் பெருந்தொகையாக உதிர்கின்றன. மிகச் சிறிய அவ்விதை, தடித்த சருகுப் படையினூடாக வேரூன்ற வல்லதன்று. சருகு எரிந்து மண் வெளிப்படல் வேண்டும். நிழல் விலகி வெயில் விழல் வேண்டும். இவ்விரண்டையும் தீயே செய்கின்றது. முதிர்ந்த மரத்தையோ இரண்டடி வரை தடித்த பட்டை காக்கின்றது.

கலிபோர்ணியாவின் ஆதிக்குடிகள் கூடை முடைதற்கான இளங்கம்புகளுக்காகவும் ஓக் மரக் கொட்டைகளுக்காகவும் பருவம் அறிந்து சிறுதீ மூட்டி வந்தனர். 1850இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் (இந்தியரைப் 'பாதுகாத்தல்' என்பதும் அதன் தலைப்பில் இடம்பெற்றது!) புல்வெளிக்குத் தீ வைத்தலைத் தண்டனைக்குரியதாக்கியது. 1935இல் ஐக்கிய அமெரிக்க வனச் சேவை, எத்தீயையும் மறுநாட் காலை பத்து மணிக்குள் அடக்குதல் வேண்டும் என விதித்தது. தீத்தடுப்பு நிலவிய காலத்தில் செக்கோயாத் தோப்புகளிற் கன்றுகள் அருகின. நிழலைத் தாங்கும் வேறு மரங்கள் நெருங்கின. 1968இல் தேசியப் பூங்கா நிர்வாகம் தானே திட்டமிட்டுத் தீ மூட்டத் தொடங்கியது. ஆயினும் நெடுங்காலமாகத் திரண்ட விறகோடு வறட்சியும் புவி வெப்பமாதலும் கூடியமையால், 2020இலும் 2021இலும் மூண்ட பெருந்தீயில் ஆயிரக்கணக்கான செக்கோயாப் பெருமரங்கள் மடிந்தன.

இதனை எல்லாச் சூழற்றொகுதிகளுக்கும் பொதுவிதியாக்குதல் இயங்கியல் நோக்காகாது. அமேசன் மழைக்காட்டு மரங்கள் பெரும்பாலும் மெல்லிய பட்டையுடையன. அங்கு மேய்ச்சல் நிலத்துக்காக மூட்டப்படும் தீ காட்டைப் புதுப்பிப்பதில்லை. மீண்டும் மீண்டும் எரியுமிடத்துப் புல்லே புகுகின்றது.

பிரித்தானிய இந்தியாவின் அனுபவம் செக்கோயாவின் வரலாற்றுக்கே நெருக்கமானது. அங்கும் 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம், ஒதுக்கக் காடுகளில் தீ மூட்டுதலைக் குற்றமாக்கியது. வங்காளம், அசாம் ஆகியவற்றின் ஈரலிப்பான சாலமரக் காடுகளில் தீ தடுக்கப்பட்டபின் பற்றைகள் மண்டி, சாலமரக் கன்றுகள் தலையெடுக்கவில்லை. இதனைக் கண்ட வன அதிகாரிகள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாமே தீ மூட்டுதலை ஒரு வனவியல் முறையாக ஏற்றனர். ஆயின் கிராமத்தவர் அதையே செய்தல் 1927ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குற்றமாகவே நீடித்தது.