சங்க மனையில் ஆடுகளம்

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயிகள் சங்கங்களிலும் இளைஞரான அங்கத்தினர் ஆடுகளம் ஒன்று வேண்டுமெனக் கேட்பது வழக்கமாகி வருகிறது. இதனை விளையாட்டுப் பிள்ளைகளின் ஆசையென ஒதுக்குவதற்கில்லை. பகலெல்லாம் தறிக்குழியில் கால்களை இறக்கி, முதுகு வளைய அமர்ந்திருப்பவர்க்கு எழுந்து துள்ள ஓர் இடம் வேண்டும். ஆயினும், கம்பத்துக்கும் வலைக்கும் விலை விசாரிக்குமுன் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சங்கத்தின் பின்புறத்து மனை காலியாகக் கிடக்கிறது என்கிறோமே, அது மெய்யாகவே காலியாகக் கிடக்கிறதா?

விடியற்காலையில் சென்று பார்ப்பவர்க்கு விடை கிடைக்கும். பாவு விரித்துக் கஞ்சியூட்டி உலர்த்துவோர் அங்கே நிற்பர். அறுவடைக் காலத்தில் சோளமும் நிலக்கடலையும் காயும். அவ்விடத்தைப் பறித்து ஆடுகளம் அமைப்பின், சங்கத்திற்குள்ளேயே இரண்டு கட்சிகள் முளைத்துவிடும். ஆகவே காலையில் பாவுக்கும் மாலையில் பந்துக்கும் பயன்படும் களமே நமக்கு ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். கம்பங்களை நிலையாக ஊன்றாமல், தரையில் இரும்புக் குழாய்களைப் புதைத்து, மாலையில் செருகி இரவில் எடுத்துவிட வேண்டும். குழாயின் வாய்க்கு மூடி அவசியம். பாவோடு நடப்பவர் கால் அதில் இடறலாகாது.

எந்த ஆட்டம் என்பது அடுத்தது. கைப்பந்துக் களம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உடையது. சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15 ஆகும். தஞ்சைச் சீமையில் பிறந்த பூப்பந்தாட்டத்துக்குக் கோடுகளே 24க்கு 12. எனவே 28க்கு 16 மீட்டர், அதாவது ஏறக்குறைய 11 சென்ட் நிலம் இருந்தால், இரண்டையும் ஒரே களத்தில் முறைவைத்து ஆடலாம். கம்பளி நூலால் ஆன பூப்பந்து காற்றுக்கு அலைவது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துச் சங்கங்கள் கைப்பந்தையே நம்புவது நலம். கபடியை இக்களத்தோடு சேர்க்க வேண்டாம். அதற்குக் கிளறிய மெத்தென்ற மண் வேண்டும். பந்தாட்டங்களுக்கோ இறுகிய தரை வேண்டும்.

களத்தின் நீளம் வடக்குத் தெற்காக அமைதல் வேண்டும். நம்மவர் ஆடுவது மாலையில். கிழக்கு மேற்காக வைத்தால் ஒரு பக்கத்தார் கண்ணில் வெயில் நேரே விழும். கரிசல் மண் கோடையில் வெடிக்குமாதலால், மேல் மண்ணை அகற்றிக் கிராவலும் செம்மண்ணும் இட்டு, நீர் தெளித்து உருளை ஓட்ட வேண்டும். வலையிலிருந்து இரு முனைகளுக்கும் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு இருந்தால் மழைநீர் வடியும். சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் தொல்லை இல்லை என்பார் உளர். துள்ளி இறங்கும் முழங்கால்களை அவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தார் சுற்றும் பெண்டிரும் பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினரே. அவர்களுக்கும் சிறுமியர்க்கும் குறிப்பிட்ட மாலைகளை முதலிலேயே ஒதுக்கி எழுதாவிடில், பின்னர் ஒருபோதும் ஒதுக்கப்போவதில்லை. கைப்பந்து வலையை ஆடவர்க்கு 2.43 மீட்டரிலும் பெண்டிர்க்கு 2.24 மீட்டரிலும் கட்டக் கம்பத்தில் இரண்டு கொக்கிகள் வைத்தால் போதும், செலவு அற்பமே.

பணத்தைப் பற்றித் துணைவிதிகள் என்ன இடந்தருகின்றன என்று பார்த்து, பேரவையின் ஒப்புதலைப் பெற்றே செலவிடல் வேண்டும். பேரவை கூடுவதற்கு ஒரு மாதம் முன்னதாக நான்கு முளைகளை அடித்துக் கயிறு கட்டி வைக்கலாம். பாவு விரிப்போர்க்கு அது தடையாகிறதா, நெல் வண்டி திரும்ப இடமிருக்கிறதா, பந்து அடுத்த வீட்டு ஓட்டில் விழுமா என்பதை எல்லோரும் கண்ணால் கண்டபின் கைதூக்கட்டும்.