அரியலூர்க் கடலும் ஸ்ரீராமபுரத்துக் கல்லும்

ஸ்ரீராமபுரத்தில் ஒரு கட்டட மேஸ்திரியின் வீட்டில், சாமி படங்களுக்குக் கீழே விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம். ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு சுருண்டு நடுவில் ஒரு புள்ளியில் போய் முடிகிறது. சுருளின் முதுகில் வரிசையாக வரப்பு கட்டியது போன்ற மேடுகள். யாரோ சிற்பி உளி கொண்டு செதுக்கினான் என்றால் நம்பலாம்.

மேஸ்திரிக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் சித்தாள் வேலைக்கு பெங்களூர் வந்தவர். ஊரில் அவருடைய தகப்பனார் கிணறு வெட்டியபோது அகப்பட்ட கல் இது. "நத்தை கல்லாப் போயிடுச்சுன்னு சொல்லுவாங்க சார். எங்கம்மா கதவு அடிச்சிக்காம இருக்க முட்டுக் கொடுத்து வச்சிருந்தாங்க" என்றார். இப்போது பழைய சாமான் வாங்கும் ஒருவர் அதற்கு 500 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கொடுக்கலாமா, அதிகம் கேட்கலாமா என்பதே மேஸ்திரி நம்மிடம் கேட்ட கேள்வி.

நத்தையல்ல, கணவாயின் உறவினன்

அந்தக் கல்லின் பெயர் அம்மோனைட். எகிப்தியரின் ஆமோன் என்ற தெய்வத்தை ஆட்டுக்கடாக் கொம்புடன் உருவகித்தார்கள். அந்தக் கொம்பை ஒத்திருந்ததால் வந்த பெயர். ஓட்டைப் பார்த்தால் நத்தை போலத் தோன்றினாலும், உள்ளே குடியிருந்த பிராணி நம் மீன் கடைகளில் விற்கும் கணவாய்க்கு நெருங்கிய சொந்தம்.

ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் உண்டு. பிராணி வளர வளர முன்பக்கம் புதிய அறை கட்டிக் குடிபெயரும். பழைய அறையை அடைத்துவிடும். கடைசி அறையில் மட்டுமே குடித்தனம். காலியான அறைகளில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைக்க ஒரு மெல்லிய குழாய் எல்லாத் தடுப்புகளையும் துளைத்துச் செல்லும். அதனால் அது கடலில் மூழ்காமல் மிதந்து திரிந்தது. இதே ஏற்பாட்டுடன் நாட்டிலஸ் என்ற பிராணி இன்றும் பசிபிக், இந்து மாக்கடல்களில் வாழ்கிறது. அம்மோனைட் இனமோ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தோன்றி, டைனோசர்கள் மடிந்த அதே காலத்தில், அதாவது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பூண்டோடு அழிந்துவிட்டது.

காசளவு சிறியவையும் உண்டு. 1895-ல் ஜெர்மனியில் கிடைத்த ஒன்றின் குறுக்களவு சுமார் 1.7 மீட்டர், நம்மில் பலரைவிட உயரம்.

இதைப் படிக்கும்போது சிலருக்குச் சாளக்கிராமம் நினைவுக்கு வந்திருக்கும். பசவனகுடியிலும் மல்லேஸ்வரத்திலும் பல வீடுகளில் பூஜையில் இருக்கும் கறுப்புக் கல், நேபாளத்தின் கண்டகி நதியில் கிடைப்பது. அதன் உள்ளே தெரியும் சக்கரம் அம்மோனைட்டின் பதிவுதான். பூஜிப்பவருக்கு அது திருமால். நிலவியலாருக்கு அது இமயமலை எழும்புமுன் அங்கே கடல் இருந்ததற்குச் சாட்சி. இரண்டு பேரும் ஒரே கல்லைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள், சண்டைக்கு இடமில்லை.

லால்பாக் பாறையில் கிடைக்காது

பெங்களூரில் இதைத் தேடிப் பயனில்லை. லால்பாகில் கெம்பே கவுடா கோபுரம் நிற்கும் பாறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து கடலை கொறிக்கிறோமே, அது சுமார் 300 கோடி ஆண்டு வயதுடையது. 1975-ல் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பாறை உருவான காலத்தில் சங்கும் இல்லை, சிப்பியும் இல்லை. பூமிக்குள் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை அது.

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் கதை வேறு. நம் நாடு அண்டார்க்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்து பிரிந்தபோது, கிழக்குக் கரையோரம் நிலம் இறங்கிக் கடல் உள்ளே வந்தது. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஊட்டத்தூர்ப் பக்கமெல்லாம் அலையடித்தது. லால்பாக் பாறையின் இனத்தைச் சேர்ந்த பழம்பாறைதான் அங்கே கரை. கடல் பின்வாங்கியும் மீண்டும் ஏறியும் பல கோடி ஆண்டுகள் விளையாடிவிட்டுப் போனது. அது விட்டுச் சென்ற களிமண்ணிலும் மணலிலும் சுண்ணாம்பிலும் பிராணிகளின் ஓடுகள் புதைந்து கல்லாயின.

முதலில் பொறுக்கியவர்கள்

1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் இத்தகைய கல் ஓடுகளைப் பொறுக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846-ல் அவற்றை விவரித்து வெளியிட்டார். பிறகு இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்ட் வெயிலில் நடந்து படம் வரைந்து, அந்தப் படிவுகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். அத்துறை 1861-ல் புதைபடிவங்களுக்கெனத் தனி நூல் வரிசை தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்டது தென்னாட்டின் இந்தக் கல் கணவாய்களைத்தான்.

அம்மோனைட்டுகளை எழுதும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்பவருக்கு வந்தது. மொராவியாவில் பிறந்தவர், 1862-ல் கல்கத்தாவுக்கு வந்தபோது வயது 24. கல்கத்தாவில் உட்கார்ந்து நம் திருச்சிச் சீமைக் கற்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, பெயரிட்டார். ஒன்றுக்கு அரியலூரின் பெயரையே சூட்டினார். வெளிநாட்டு அறிஞர்கள் இன்றும் அந்தப் பெயரை அப்படியே எழுதுகிறார்கள். 1874-ல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கின் உயரத்தில் காற்றுப் போதாமல் 36 வயதில் இறந்தார். லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அரியலூரில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தன; கடல் வழியே தூர தேசங்களுக்கும் பரவின. ஆகவே குறிப்பிட்ட ஓடு கிடைத்தால் அந்த மண்ணின் காலம் இன்னது என்று சொல்லிவிடலாம். அரியலூர்ப் படிவையும் மடகாஸ்கர்ப் படிவையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே காலத்துக் கடல் என்று காட்டியவை இத்தகைய கற்களே. பழைய நாணயத்தில் அரசன் தலையைப் பார்த்துக் காலம் சொல்வது போலத்தான்.

ஆனால் நாணயத்திற்கு இல்லாத ஒரு தொல்லை இதற்கு உண்டு. எந்த ஊரில், எந்த மண் அடுக்கில் கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் கல் பாதி ஊமை. அதனால்தான் நிலவியலார் கல்லை எடுத்ததும் துடைத்து ரசிப்பதற்கு முன் எண் எழுதுவார்கள். அந்த எண்ணை நோட்டில் ஏற்றி, இடம், ஆழம், மண்ணின் நிறம் எல்லாம் குறிப்பார்கள். பிறகு பழைய செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைப்பார்கள். நம் தொழிலுக்கு இப்படியும் ஒரு பயன்!

மூட்டைக்குள் போகும் கடல்

அரியலூர் என்றால் மூத்தவர்களுக்கு 1956 நவம்பரில் மருதையாற்றில் நேர்ந்த ரயில் விபத்தும், அதை ஒட்டி லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு சிமெண்ட். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பார்த்தால் பெரும்பகுதி பழங்காலச் சிப்பிகளே. அதைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டால் சிமெண்டுக்கான கட்டி கிடைக்கிறது. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோ சுண்ணாம்புக் கல் வேண்டும். நம் மேஸ்திரி முப்பது ஆண்டுகளில் சுமந்ததும் சுமக்கவைத்ததும் எத்தனை சிப்பியோ!

சிமெண்ட் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. அதில்தான் நம்மில் பலருக்குச் சோறு. சுரங்கம் வெட்டுவதால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது என்பதும் உண்மை. ஆனால் இயந்திரம் அள்ளுவதற்கும் சூளைக்குப் போவதற்கும் இடையே ஒருவர் நின்று பார்த்தால்தானே? பார்ப்பவர் குறைவு. மற்றொரு பக்கம், பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளுக்கு விடுமுறையில் வருகிறவர்கள் பை நிறைய அள்ளிக்கொண்டு போகிறார்கள். மழை பெய்து களிமண் கரைந்ததும் தோட்டா போன்ற பெலம்னைட் துண்டுகளும், கண்ணாடித் தகடு போன்ற ஜிப்சமும், அதிர்ஷ்டம் இருந்தால் அம்மோனைட்டும் வெளியே தலைகாட்டும் இடம் அது. நிலவியல் துறை சிறப்பிடமாகக் குறித்த பகுதி. அங்கே பார்க்கலாம், படம் எடுக்கலாம். அனுமதியின்றி அள்ளிவருவது முறையல்ல.

அறியாமையில் இன்னொரு வகையும் உண்டு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்று நிலவியல் அறிந்தவர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்தது. நமக்கென்னவோ, முட்டையைவிட இது ஒன்றும் குறைந்த அதிசயமாகப் படவில்லை.

ஊருக்குப் போகும்போது பார்க்க விரும்புவோர் இரவு ரயிலில் திருச்சி சென்று, அங்கிருந்து அரியலூருக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகலாம். அரியலூர் அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் உள்ளது. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன 18 மீட்டர் நீள மரம் படுத்துக் கிடக்கிறது. 1940-ல் அதை உலகுக்குத் தெரிவித்த எம்.எஸ்.கிருஷ்ணன், பிற்காலத்தில் நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்தியத் தலைவரானவர்.

ஐந்து ஆள் மட்டம்

இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னோம். 500 ரூபாய்க்குக் கொடுத்தால், அது பெயரில்லாமல் யாருடைய கண்ணாடி அலமாரிக்கோ போகும். கிணற்றின் விவரத்தோடு இருந்தால் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்றோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. கிணறு இப்போது இல்லை. நிலத்தை விற்று, அந்த இடம் சுரங்கத்துக்குள் போய்விட்டது. தகப்பனாரும் இல்லை.

பிறகு ஊரிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். எந்த வருஷம் கிணறு வெட்டினார்கள் என்று கேட்டதற்கு, "என் கல்யாணத்துக்கு முந்தின கோடை" என்று பதில் வந்தது. அக்காவுக்கு அதற்கு மேலும் நினைவிருந்தது. ஐந்து ஆள் மட்டம் வரை மஞ்சள் மண், அதற்குக் கீழே நீலம் பாய்ந்த களி. மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வராது என்று அப்பா திட்டியபடி வெட்டினாராம். அந்தக் களியில்தான் கல் கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று. மற்ற இரண்டைப் பிள்ளைகள் விளையாடித் தொலைத்துவிட்டார்கள்.

மேஸ்திரியின் மகள் ஊர்ப்பெயர், அப்பாவின் பெயர், ஐந்து ஆள் மட்டம், நீலக் களி என்று எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கல்லின் அடியில் ஒட்டினாள். சர்வே நம்பரை அக்கா பழைய பத்திரத்தைப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு இடம் விட்டிருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கல்லை வாரணவாசிக்கு எடுத்துச் சென்று காட்டப்போவதாக மேஸ்திரி சொன்னார். அங்கேயே கொடுத்துவிடுவாரா, காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவாரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.