துறைமுகத்தின் கண்காணா வாயில்

துறைமுகக் காவல் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன உயர்ந்த மதிற்சுவரும், துப்பாக்கி ஏந்திய காவலரும், கடலில் சுற்றிவரும் ரோந்துப் படகுகளுமே ஆகும். இவை இன்றியமையாதன என்பதில் ஐயமில்லை. ஆயினும், மதிலைத் தாண்டாமலும் ஒரு தோட்டாவும் வெடிக்காமலும் துறைமுக வேலையை நிறுத்திவிட முடியும் என்பதை மும்பை மக்கள் தம் ஊரருகிலேயே கண்டனர்.

2017-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், உக்ரைனில் வரிக்கணக்கு எழுதுவதற்கு நிறுவனங்கள் பல பயன்படுத்திவந்த ஒரு கணினிச் செயலியின் வழியே ‘நாட்பெட்யா’ என்னும் நச்சுநிரல் பரவியது. டென்மார்க் நாட்டுக் கப்பல் நிறுவனமாகிய மெர்ஸ்கின் கணினிகள் உலகெங்கும் செயலற்றுப் போயின. மும்பைக்கு எதிர்க்கரையில், நவசேவாவிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திவந்த முனையமும் அதில் சிக்கிற்று. பணம் தந்தால் கோப்புகளை மீட்கலாம் என்று திரையில் அறிவிப்பு வந்தது. உண்மையிலோ பணம் தந்தாலும் மீட்க இயலாதவாறே அந்நச்சுநிரல் ஆக்கப்பட்டிருந்தது. இதனை ஏவியது ரஷ்ய இராணுவமே என்று 2018 பிப்ரவரியில் பிரிட்டனும் அமெரிக்காவும் குற்றஞ்சாட்டின; ரஷ்யா அதனை மறுத்தது. எங்கோ இரு நாடுகளுக்கிடையே மூண்ட பகையின் சூடு, அவற்றோடு தொடர்பில்லாத நம் கரைவரை வந்தது.

கிரேன்களுக்குப் பழுதில்லை, தோணித்துறைக்கும் சேதமில்லை, பின் வேலை தடைப்படுவானேன் என்று கேட்கலாம். கன்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்கள் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பவை. ஆயிரக்கணக்கில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பெட்டகம் எந்த அடுக்கில் உள்ளது, அதன் எடை என்ன, யாருக்கு உரியது, சுங்க அனுமதி கிடைத்ததா என்பவற்றையெல்லாம் அறிந்தது கணினி ஒன்றே. எடை அறியாமல் கப்பலில் ஏற்றினால் கப்பலின் சமநிலைக்கே கேடு வரும். ஆகவே, கணக்கு மறைந்தால் சரக்கும் மறைந்ததற்கு ஒப்பாகும்.

மெர்ஸ்க் மீண்ட கதை நமக்கு நல்லதொரு பாடம். அதன் கணினி வலையமைப்புக்கு ஆதாரமான பதிவேட்டின் படிகள் எங்கும் அழிந்துபோக, கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒரு படி மட்டும் தப்பியது. அதனைக் காத்தது எந்த நிபுணரின் திறமையும் அன்று; அவ்வேளை அங்கு நேர்ந்திருந்த மின்தடையே! அந்தப் படியைக் கொண்டு 4,000 சேவைக் கணினிகளையும் 45,000 மேசைக் கணினிகளையும் பத்தே நாட்களில் மீண்டும் அமைத்தனர். ஆயினும் 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை இழப்பு நேர்ந்ததாக அந்நிறுவனம் கணக்கிட்டது.

அத்துடன் இத்தீங்கு ஒழிந்துவிடவில்லை. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை ஏறத்தாழ இரண்டரை நாள் நின்றது. அவ்வாண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவின் நான்கு துறைமுகங்களில் சுமார் 30,000 பெட்டகங்கள் தேங்கின. இனி வரும் காலத்திலோ ஆபத்து இன்னும் பெரிது. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், தொலைவிலுள்ள அறையில் அமர்ந்தபடியே கிரேன்களை இயக்குகின்றனர். இது போற்றத்தக்க முன்னேற்றமே. ஆனால் கணக்கேட்டை மட்டுமன்றிக் கிரேனின் கையையும் கணினியிடம் ஒப்படைக்கும்போது, பகைவன் பற்றக்கூடிய பிடிகளும் பெருகுகின்றன. கப்பலுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள் குறிகளைப் பொய்யாக்கித் திசைதிருப்பும் சூழ்ச்சியும் இன்று பல கடல்களில் காணப்படுகிறது.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது. நம் நாட்டு அயல்வாணிகத்தில், சரக்கின் அளவைக் கொண்டு நோக்கினால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு கடல்வழியே நடைபெறுகிறது. நம் சமையலறைத் துவரம்பருப்பில் ஒரு பகுதி மோசாம்பிக்கிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் கடல்கடந்து வருவதாகும். பிழைப்பை நாடி வந்த நம்மவருள் துறைமுகத்திலும், சரக்கு அலுவலகங்களிலும், லாரித் தொழிலிலும் ஊதியம் பெறுவோர் உளர். முனைய வாயில் மூடினால் நிறுவனத்துக்குக் காப்பீடு உண்டு. அன்றாடக் கூலிக்கு வந்தவருக்கு அதுவும் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கணக்கின் படி ஒன்றை வலையமைப்போடு இணைக்காமல் தனியே பாதுகாக்க வேண்டும்; மின்தடை தற்செயலாகச் செய்த உதவியைத் திட்டமிட்டே செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது, கணினி நின்றபோதும் தாளும் எழுதுகோலும் கொண்டு அவசரச் சரக்கையேனும் விடுவிக்கும் பயிற்சியை ஊழியர்க்கு ஆண்டுதோறும் அளிக்க வேண்டும். பழைய முறை அறிந்த மூத்த எழுத்தர்கள் ஓய்வு பெறுமுன் அவ்வறிவைப் பெற்றுக்கொள்வது நன்று. மூன்றாவது, வேலை நின்ற நாட்களுக்குக் கூலியாட்களின் ஊதியத்தைக் காக்கும் ஏற்பாடு வேண்டும்.

கணினி பயிலும் நம் இளைஞர்கள் இத்துறைமுகக் காவற்பணியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். மதிலைக் காப்பவருக்கு நாம் தரும் மதிப்பு, கண்காணா வாயிலைக் காப்பவருக்கும் உரியதே.