வலிக்காத கட்டி

பரேலில் டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழகிப்போனதுதான். டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் பாயும் பாத்திரமுமாகக் குடும்பங்கள். இடம் கிடைத்தவர்கள் தாதரில் காட்கே மகராஜ் தர்மசாலையில் தங்குகிறார்கள். தொலைதூரத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்கள் தாமதமாக வருவதில் வியப்பில்லை. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் இருக்கும் நம் பெண்களும் தாமதமாகப் போவதுதான் புரியவில்லை.

2022-ல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், சுமார் 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் மதிப்பீடு. மேலை நாடுகளில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. முக்கியக் காரணம், இங்கே பலர் நோய் முற்றிய பிறகே டாக்டரிடம் போகிறார்கள். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை யாரிடம் சொல்வது? பெண்ணின் கல்யாணம் முடியட்டும், பையன் பரீட்சை முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன.

மார்பைத் தாண்டி வேறு உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் அது நான்காம் நிலை. பொதுவாகப் பூரண குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான்காம் நிலை என்றதும் எல்லாருக்கும் ஒரே கெடு என்று நினைப்பது தவறு. எலும்பில் மட்டும் பரவியிருந்தால் பல வருடங்கள் நடமாடுகிறவர்கள் உண்டு. கல்லீரலிலோ மூளையிலோ பரவியிருந்தால் ஆயுள் குறைகிறது. எத்தனை உறுப்புகளில் பரவியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும். முதல் சிகிச்சை முடிந்து இரண்டு வருடத்துக்குள் நோய் திரும்பினால் அது நல்ல அறிகுறி அல்ல. எழுந்து நடமாடித் தன் வேலையைத் தானே செய்துகொள்பவரைவிட, படுக்கையோடு இருப்பவர் சிகிச்சையைத் தாங்குவது கடினம்.

இன்னொன்று, கட்டியின் குணம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன், ஹெர்-2 என்று மூன்று ஏற்பிகளைச் சோதிக்கிறார்கள். முதல் இரண்டில் ஏதாவது இருந்தால் மாத்திரையிலேயே பல காலம் கட்டுப்படுத்த வழியுண்டு. மூன்றுமே இல்லாத வகை பொல்லாதது. மேலை நாடுகளைவிட நம் நாட்டில் அதன் விகிதம் அதிகம். ஹெர்-2 வகையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1998-ல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு நிலைமை மாறியது. இந்தியத் தயாரிப்பு 2014-ல் வந்தும் பலருக்கு அது எட்டாக்கனியாகவே இருக்கிறது. கைப்பணம் தீர்ந்து பாதியில் சிகிச்சையை விடுவதும் ஆயுளைக் குறைக்கும் காரணம்தான், எந்த ஸ்கேனிலும் அது தெரியாது.

"கட்டியை வெட்டி எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா?" என்று உறவினர்கள் மன்றாடுவார்கள். இதை டாடா மருத்துவமனையே சோதித்துப் பார்த்தது. டாக்டர் ராஜேந்திர பட்வே குழுவினர், நோய் பரவிய நிலையில் வந்து மருந்துக்குக் கட்டுப்பட்ட 350 பெண்களை இரு பிரிவாக்கினார்கள். மார்பில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 19.2 மாதம், பெறாதவர்களுக்கு 20.5 மாதம். 2015-ல் வெளியான முடிவு இது. வித்தியாசமில்லை என்றுதான் அர்த்தம். புண்ணாகிவிட்ட கட்டிக்கு நிவாரணமாகக் கத்தி வைப்பது வேறு விஷயம். ஆனால் "ஆபரேஷன் செய்ய மறுக்கிறார்கள்" என்று டாக்டரை மாற்றி மாற்றி அலைந்து, மருந்தை விட்டவர்கள் பாவம்.

1998-ல் இதே மும்பையில் குடிசைப் பகுதிகளில் இன்னொரு பெரிய ஆய்வு தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். மெஷின் எதுவும் கிடையாது. 2021-ல் வெளியான முடிவின்படி, பரிசோதிக்கப்பட்டவர்களிடம் நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அத்தகைய பலன் தெரியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி செய்த இடத்திலிருந்து ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். மறுபடி ஊசி குத்துவதும், காத்திருப்பதும் பெரும்பாலும் மிச்சமாகும்.