பழைய இரும்பில் ஈபிள் கோபுரம்!
டெல்லி பூங்காவில் படம் எடுப்பவர்களுக்கு...

திருக்குறள் எக்ஸ்பிரசில் டெல்லி வருகிறவர்கள் கடைசியாக இறங்குவது நிஜாமுதீன் ரெயில் நிலையத்தில். அதன் அருகே சராய் காலே கானில் ஈபிள் கோபுரம், பைசா சாய்ந்த கோபுரம், எகிப்து பிரமிடு எல்லாம் நிற்கின்றன. அசல் அல்ல, மாதிரிகள்!

2019-ம் ஆண்டு தெற்கு டெல்லி மாநகராட்சி திறந்த பூங்கா இது. தாஜ்மகால் உள்பட 7 உலக அதிசயங்கள். அத்தனையும் சுமார் 150 டன் பழைய இரும்பில் செய்யப்பட்டவை. சைக்கிள் சக்கர வளையம், மின்கம்பம், மோட்டார் உதிரி பாகம் என்று எடைக்குப் போடும் சாமான்கள்தான்.

ஊருக்குப் படம் அனுப்ப, பலர் தூரத்தில் நின்றே எடுக்கிறார்கள். அதில் பாரீஸ் மட்டுமே தெரியும். பாரீஸ் படம்தான் காலண்டரிலேயே வருகிறதே!

ஒரு படம் தூரத்தில் எடுத்தால், இன்னொன்றை நாலடி தூரத்தில் எடுக்கவேண்டும். உச்சி வெயிலில் இரும்பு மின்னி, படம் வெளுத்துப்போகும். மாலை வெயில் சாய்வாக விழும்போது வளையங்களும், அவற்றைப் பற்றவைத்த தழும்புகளும் தெளிவாக விழும்.

வெல்டிங் தொழிலாளர்களின் உழைப்பு அந்தத் தழும்பில்தான் இருக்கிறது. ஊரில் உள்ளவர்கள் பார்க்கவேண்டியதும் அதைத்தான்.